முதலில் வயதைக் கேளுங்கள்

எங்கள் பிரிவுக்கு வரும் முதுநிலை மாணவிகள் நோயாளிகளிடம் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்பது என் வழக்கம். "ஹார்மோன் வேண்டாம் அம்மா, மாரடைப்பு வந்துவிடும்" என்று ஒருத்தி சொல்லும்போதெல்லாம், இருபது ஆண்டுகளுக்கு முன் நான் பேசியதே காதில் விழுகிறது. சின்னப் பிசகுகளை அவர்களே திருத்திக்கொள்வார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் கொடுப்பதிலும் மறுப்பதிலும் நடக்கும் இந்தத் தவறுகள் அப்படிப்பட்டவையல்ல.

ஆய்வின் எண்ணைப் படித்து, ஆளைப் பார்க்காதது

2003இல் 38 வயதுப் பெண் ஒருவர் வந்தார். கட்டிக்காகக் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வியர்வையில் நனைந்த ரவிக்கையை இரவில் மூன்று முறை மாற்றுவதாகச் சொன்னார். சினைப்பைகள் சுரக்கும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை வேறொரு மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை வாங்கிக் குறுக்கே கோடு போட்டேன். கால்சியம் மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த அமெரிக்காவின் 'விமென்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வின் ஒரு பகுதி 2002 ஜூலையில் நிறுத்தப்பட்டிருந்த நேரம் அது. ஹார்மோன் எடுத்த 10,000 பெண்களில் ஆண்டுக்கு 7 இதயநோய், 8 பக்கவாதம் கூடுதல் என்று மனப்பாடமாக ஒப்பிப்பேன். அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அவர்கள் உட்கொண்டது ஈஸ்ட்ரோஜனோடு, கர்ப்பப்பையின் உட்சவ்வைக் காக்கும் புரோஜெஸ்டின் என்ற இரண்டாவது ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை. கர்ப்பப்பையே இல்லாத என் நோயாளிக்கு இரண்டாவது ஹார்மோன் தேவையே இல்லை. மறதிநோய் இரட்டித்ததாக 2003இல் வந்த முடிவும் 65 வயதைத் தொட்டவர்களைப் பற்றியது.

45 வயதுக்கு முன் இரு சினைப்பைகளையும் இழந்து, ஈஸ்ட்ரோஜனும் பெறாதவர்களிடம் இதயநோய் மரணம் கூடியிருப்பதை மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டார்கள். நினைவாற்றல் குறைவது பற்றி 2007லேயே எழுதியிருந்தார்கள். படித்ததும் பழைய பதிவேட்டில் அந்தப் பெண்ணின் முகவரியைத் தேடி ஆள் அனுப்பினேன். அந்த வீட்டில் வேறு குடித்தனம் இருந்தது.

மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லையென்றால், இப்படி இளவயதில் இரு சினைப்பைகளையும் இழந்தவர்களுக்கு, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுக்க வேண்டும். உடல் இழந்ததைத்தான் திருப்பித் தருகிறோம்.

இதயத்தைக் காக்க என்று 65இல் தொடங்குவது

இது நேர் எதிரான தவறு. இதயநோய் உள்ள 2,763 பெண்களிடம் நடந்து 1998இல் வெளிவந்த ஆய்வில், ஹார்மோன் எடுத்தவர்களிடம் முதல் ஆண்டிலேயே மாரடைப்பு கூடியது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள், உடல் அனலாகக் கொதித்துத் தூக்கம் கெடுபவருக்குத் தொடங்குவது வேறு விஷயம். இதயத்துக்கும் மூளைக்கும் காப்பு என்று சொல்லி எழுதாதீர்கள்.

கர்ப்பப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும்

கூடாது. உட்சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறும்.

எல்லோருக்கும் மாத்திரை

விழுங்கும் மாத்திரை கல்லீரல் வழியாகப் போய் இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். பருமனானவர்களுக்குத் தோலில் ஒட்டும் பட்டையோ தடவும் ஜெல்லோ மேல்.

இரத்த அழுத்தம் பார்க்காமல் எழுதுவது

வேண்டவே வேண்டாம்.

சீட்டின் முதல் வரியை விடுவது

வயது, கடைசி மாதவிடாய் வந்த ஆண்டு, சினைப்பைகள் இருக்கின்றனவா என்ற மூன்றும் அங்கே இருக்க வேண்டும். போன வாரம் 41 வயதுப் பெண்ணின் சீட்டில் இவை எதுவும் இல்லை. 'ஹார்மோன் வேண்டாம்' என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்து வாங்கும் வரிசையில் நின்றவரை மாணவி ஓடிப்போய்த் திரும்ப அழைத்து வந்தாள்.