கீழ்ப்படிதல் ஆய்வுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால் மனிதர்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள் என்ற பேச்சு எழும் இடத்திலெல்லாம் 65 விழுக்காடு என்ற எண் வந்து நிற்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961 ஆகஸ்டில் தொடங்கிய ஆய்வுகளில், முன்பின் அறியாத ஒருவருக்கு 450 வோல்ட் மின்னதிர்ச்சி தருவதாக நம்பவைக்கப்பட்ட 40 ஆண்களில் 26 பேர் கடைசி விசைவரை அழுத்தினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஓர் எண்ணை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, மூன்றில் இருவர் சொன்னதைச் செய்யும் பொம்மைகள் என்று முடிவுகட்டுவதே இந்தத் துறையில் ஆகப் பரவலான தவறு. மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

நினைவாற்றல் பற்றிய ஆய்வு என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்களுக்கு 4 டாலர் ஊதியமும் பயணத்துக்கு 50 சென்டும் கொடுக்கப்பட்டன. யார் ஆசிரியர், யார் மாணவர் என்று சீட்டுப் போட்டுப் பார்ப்பதுபோல நடித்து, வந்தவருக்கு எப்போதும் ஆசிரியர் வேடமே கிடைக்கும்படி செய்திருந்தார்கள். மாணவர் தவறான விடை சொல்லும் ஒவ்வொரு முறையும் மின்னதிர்ச்சி தருவது ஆசிரியரின் வேலை. மாணவர் ஆய்வாளரின் ஆள். மின்னதிர்ச்சி எதுவும் அவரை எட்டவில்லை. ஆசிரியருக்கு முன்னால் இருந்த கருவியில் 15 வோல்ட்டில் தொடங்கி, பதினைந்து பதினைந்தாக ஏறும் 30 விசைகள் இருந்தன. 1963-இல் வெளியான முதல் கட்டுரையில் மாணவரின் குரல் கேட்காது. 300 வோல்ட்டில் அவர் சுவரைத் தட்டும் ஓசை மட்டுமே கேட்கும். 26 என்ற எண் இந்த அமைப்புக்கு உரியது.

மில்கிராம் அத்தோடு நிற்காமல், அமைப்பைச் சிறிது சிறிதாக மாற்றி இருபதுக்கும் மேற்பட்ட வடிவங்களில் ஆய்வை நடத்தினார். என் பார்வையில் இந்த வேறுபாடுகள்தான் அவருடைய பணியின் உயிர்நாடி. மாணவர் அதே அறையில் இருந்தபோது இறுதிவரை சென்றவர்கள் 40 விழுக்காடாகக் குறைந்தார்கள். அவருடைய கையைப் பிடித்து உலோகத் தகட்டின்மேல் அழுத்த வேண்டியிருந்தபோது 30 விழுக்காடு. ஆய்வாளர் அறையைவிட்டு வெளியேறித் தொலைபேசியில் கட்டளையிட்டபோது ஏறத்தாழ 20 விழுக்காட்டினரே பணிந்தார்கள். சிலர் குறைந்த அளவிலேயே அழுத்திக்கொண்டு, உயர்த்திவிட்டதாகத் தொலைபேசியில் பொய்யும் சொன்னார்கள். உடன் அமர்ந்திருந்த இருவர் மறுத்து எழுந்தபோது 40 பேரில் 4 பேர் மட்டுமே இறுதிவரை போனார்கள். இரண்டு ஆய்வாளர்கள் ஒருவருக்கொருவர் முரணாகப் பேசியபோது ஒருவர்கூடப் போகவில்லை. விசையை வேறொருவர் அழுத்த, தாம் துணை வேலையை மட்டும் செய்தால் போதும் என்றிருந்தபோதோ 40 பேரில் 37 பேர் கடைசிவரை உடனிருந்தார்கள். ஏறத்தாழ ஒரே வகை மனிதர்கள் 0 முதல் 92.5 விழுக்காடு வரை மாறி நடந்திருக்கும்போது, ஒற்றை எண்ணை மனித இயல்பு என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

பணிந்தவர்கள் மனம் கல்லாகிப்போனவர்கள் என்று எண்ணுவது அடுத்த தவறு. வியர்த்தார்கள், நடுங்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள், விரல் நகங்களை உள்ளங்கையில் பதித்துக்கொண்டார்கள் என்று முதல் கட்டுரையே பதிவு செய்கிறது. 40 பேரில் 14 பேர் அடக்க முடியாமல் பதற்றத்தில் சிரித்தார்கள். கொடுமை செய்யும் விருப்பம் அவர்களை இயக்கவில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு: மின்னதிர்ச்சியின் அளவைத் தாமே முடிவுசெய்துகொள்ளலாம் என்று விட்டபோது 40 பேரில் ஒரே ஒருவர்தான் உச்சத்தைத் தொட்டார். வாயால் எதிர்த்துக்கொண்டே கையால் விசையை அழுத்தியவர்கள் பலர். எதிர்ப்பை உணர்வதும் அதைச் சொல்வதும் ஒன்று, இருக்கையைவிட்டு எழுவது வேறொன்று என்பதை இந்த ஆய்வு அளவுக்கு எனக்குத் தெளிவாகக் காட்டியது வேறெதுவும் இல்லை.

கட்டளை எவ்வளவு கடுமையோ அவ்வளவு கீழ்ப்படிதல் என்று கொள்வதும் பிழையே. தயங்கியவர்களிடம் ஆய்வாளர் வரிசையாகச் சொல்ல வேண்டிய வாசகங்கள் நான்கு இருந்தன. முதலாவது, தயவுசெய்து தொடருங்கள் என்ற வேண்டுகோள். இரண்டாவது, ஆய்வுக்கு நீங்கள் தொடர்வது தேவை என்ற விளக்கம். நான்காவதுதான், உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும் என்ற அப்பட்டமான ஆணை. மில்கிராமின் ஆய்வை மீண்டும் நடத்திப் பார்த்த உளவியலாளர் ஜெர்ரி பர்கர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த நான்காவது வாசகத்தைக் கேட்ட ஒருவர்கூடத் தொடரவில்லை. பிறருடைய விருப்பத்தை நிறைவேற்றும் கருவியாகத் தன்னைக் கருதி, பொறுப்பை மேலே இருப்பவரிடம் ஒப்படைத்துவிடும் மனநிலையைக் கொண்டு மில்கிராம் கீழ்ப்படிதலை விளக்கினார். உளவியலாளர்கள் அலெக்ஸ் ஹாஸ்லம், ஸ்டீபன் ரைக்கர் ஆகியோர் இதை மறுத்து, அறிவியல் என்ற நல்ல நோக்கத்தோடு தம்மை இணைத்துக்கொண்டதால்தான் பங்கேற்பாளர்கள் தொடர்ந்தார்கள் என்கிறார்கள். நான்காவது வாசகம் தோற்றுப்போனதை இவ்விருவரின் விளக்கமே நன்றாகப் புரியவைக்கிறது என்று நான் கருதுகிறேன்.

மில்கிராமின் ஆவணங்களை ஆராய்ந்த ஜீனா பெரி, ஆய்வாளர் பல வேளைகளில் நான்கு வாசகங்களோடு நிற்காமல் வற்புறுத்தினார் என்பதையும், மின்னதிர்ச்சி மெய்யானதா என்று ஐயுற்ற பங்கேற்பாளர்கள் கணிசமாக இருந்தார்கள் என்பதையும் வெளிக்கொணர்ந்தார். இவை கனமான குறைகள். ஆனால் இவற்றைப் படித்துவிட்டு எல்லாம் பொய் என்று தூக்கி எறிவது எதிர்த்திசையில் செய்யும் அதே அவசரம். பர்கரின் ஆய்வு மாணவரின் குரல் கேட்கும் வடிவத்தில் அமைந்தது; அவர் தம்மை விடுவிக்கும்படி முதன்முதலில் கேட்கும் 150 வோல்ட்டைத் தாண்ட முனைந்ததுமே நிறுத்தப்பட்டது. அதில் 70 விழுக்காட்டினர் தொடர ஆயத்தமாக இருந்தார்கள். போலந்தில் 2017-இல் வெளியான ஆய்வில் 80 பேரில் 90 விழுக்காட்டினர், அங்கே வைக்கப்பட்டிருந்த பத்துப் பொத்தான்களையும் அழுத்தினார்கள்.

கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்ன சாலமன் ஆஷின் ஆய்வையும், மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்கவைத்த பிலிப் ஸிம்பார்டோவின் சிறை ஆய்வையும் இதனோடு ஒரே மூட்டையாகக் கட்டுவதைத் தவிர்க்க வேண்டும். ஆஷ் ஆராய்ந்தது கூட்டத்தோடு ஒத்துப்போவதை; அங்கே ஆணையிடுபவர் எவரும் இல்லை. 1971-இல் ஸ்டான்போர்டில் நடந்த சிறை ஆய்வில் ஸிம்பார்டோவே கண்காணிப்பாளர் வேடம் ஏற்றிருந்தார். காவலர்கள் கடுமையாக நடக்கும்படி தூண்டப்பட்டதும் பின்னாளில் வெளிவந்தது. எனவே அதை மில்கிராமுக்குத் துணைச் சான்றாக வைப்பது பொருந்தாது.

விளக்கத்தை மன்னிப்பாக மாற்றுவது இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தரும் தவறு. யூதர்களை வதைமுகாம்களுக்கு அனுப்பும் பணியை நடத்திய நாஜி அதிகாரி ஐக்மன் மீதான விசாரணை ஜெருசலேமில் தொடங்கியது 1961 ஏப்ரலில், மில்கிராமின் ஆய்வு தொடங்கியது அதே ஆண்டு ஆகஸ்டில். அதனாலேயே இரண்டையும் இணைத்து, அவனும் ஆணைக்குப் பணிந்த சாதாரண மனிதன்தானே என்று சொல்லும் வழக்கம் வந்தது. ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் தவித்தவர்களையும், ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டு மக்களைக் கொலைக்களத்துக்கு அனுப்பியவனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மேலிடத்து ஆணை என்பது குற்றவாளியைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது, தண்டனையைக் குறைக்க மட்டுமே கருதப்படலாம் என்று நாஜித் தலைவர்களை விசாரிப்பதற்காக வகுக்கப்பட்ட 1945-ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் சாசனம் முன்பே வகுத்திருந்தது.

நானாக இருந்தால் மறுத்திருப்பேன் என்ற உறுதியையும் நம்பக் கூடாது. மில்கிராம் கேட்டபோது, ஆயிரத்தில் ஒருவரே இறுதிவரை போவார் என்று மனநல மருத்துவர்கள் கணித்திருந்தார்கள். 1966-இல் ஹாஃப்லிங் குழுவினர், உண்மையான மருத்துவமனைகளில் முகமறியா மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, உச்ச அளவு 10 மில்லிகிராம் என்று குப்பியில் எழுதியிருந்த மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்வதாக அமைத்தார்கள். 22 செவிலியரில் 21 பேர் கொடுக்கப் போனார்கள். நடக்கப்போவதை வெறும் கேள்வியாகக் கேட்டபோது வேறு 12 செவிலியரில் 10 பேர் மறுப்போம் என்றிருந்தார்கள். இங்கும் ஒரே எண்ணில் நின்றுவிடலாகாது: 1977-இல் ராங்க், ஜேக்கப்சன் இருவரும் செவிலியருக்குப் பழக்கமான மருந்தை வைத்து, சக ஊழியரோடு கலந்து பேசவும் இடம்விட்டு அதே சோதனையை நடத்தியபோது, 18 பேரில் 16 பேர் மருந்தைக் கொடுக்கவில்லை.