பித்தப்பை ரிப்போர்ட்டைக் கீழேயிருந்து படியுங்கள்

சதைப் பரிசோதனை லேபில் 26 வருஷம் டெக்னீஷியன் வேலை. ஓய்வு பெற்ற பிறகும், தெருவில் யாருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தாலும் ரிப்போர்ட் என் வீட்டுக்குத்தான் வரும். போன வாரம் எதிர்வீட்டு மருமகள் கண் கலங்கி நின்றாள். "அத்தைக்கு க்ரானிக்னு போட்டிருக்குக்கா. கேன்சரா?"

இல்லை. க்ரானிக் என்றால் நாள்பட்டது, அவ்வளவுதான். க்ரானிக் கோலிசிஸ்டைடிஸ் என்பது கல் உரசி உரசிப் பை புண்பட்டுத் தடித்த கதை. கல்லுக்காக எடுத்த பையில் பெரும்பாலும் இதுதான் வரும். பயாப்ஸிக்கு அனுப்பினார்கள் என்பதாலேயே டாக்டருக்குச் சந்தேகம் என்று நினைக்க வேண்டாம். எடுத்த பையை ஃபார்மலினில் (சதை கெடாமல் காக்கும் திரவம்) போட்டு லேபுக்கு அனுப்புவது வழக்கம்.

முதலில் கடைசியில் இருக்கும் 'இம்ப்ரெஷன்' வரியைப் பாருங்கள். முடிவு அங்கேதான். மேலே இருக்கும் நீளம், அகலம், கல்லின் நிறமெல்லாம் கண்ணால் பார்த்து எழுதியது. அதில் சுவரின் தடிமனை மட்டும் கவனியுங்கள்: சாதாரணமாக 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கூடியிருந்தாலும் அது பெரும்பாலும் அழற்சியால்தான்.

பெயரைப் பார்த்து மிரளவேண்டாதவை இரண்டு. ரோக்கிடான்ஸ்கி-ஆஷாஃப் சைனஸ் என்பது உள்தோல் தசைக்குள் குழிந்து இறங்கியிருப்பது. கொலஸ்டிரோலோசிஸ் என்றால் கொழுப்பு படிந்த மஞ்சள் புள்ளிகள். பையைத் திறந்தால் ஸ்ட்ராபெரிப் பழத்தோல் மாதிரியே இருக்கும், எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

டிஸ்பிளேசியா என்ற சொல் வந்தால்தான் நிதானம் தேவை. செல்கள் தடம் மாறத் தொடங்கியிருக்கின்றன, இன்னும் புற்று ஆகவில்லை. லோ கிரேடா (லேசானதா), ஹை கிரேடா (தீவிரமானதா), பைக்குழாயை வெட்டிய விளிம்பு சுத்தமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஹை கிரேடு என்றால் லேபில் இருக்கும் மீதிப் பையிலிருந்தும் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லலாம்.

அடினோகார்சினோமா என்றிருந்தால் அது புற்றுநோய். பக்கத்திலேயே பிடி1ஏ (pT1a), பிடி1பி (pT1b) என்பது போல, புற்று எவ்வளவு ஆழம் இறங்கியது என்று சொல்லும் ஒரு குறியீடு இருக்கும். 1ஏ என்றால் தசைக்கு மேலேயே நின்றுவிட்டது. விளிம்பு சுத்தமாக இருந்தால் பையை எடுத்ததே பெரும்பாலும் போதும். 1பி தசைக்குள் இறங்கியது. 1பி-க்கும் அதைவிட ஆழமாக இறங்கியதற்கும் கல்லீரல் ஓரத்தையும் நெறிக்கட்டிகளையும் எடுக்கும் இரண்டாவது ஆபரேஷன் பேச்சு வரும். நாள் கடத்தாமல் புற்றுநோய் அறுவை நிபுணரைப் பாருங்கள்.

போகும்போது காகிதம் மட்டும் போதாது. லேபில் சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கும் கண்ணாடி ஸ்லைடும் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் தலையில் உள்ள எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கணும். ஸ்லைடை டிபன் டப்பாவில் போட்டுக் கொண்டுபோய் உடைத்தவர்களும் உண்டு. பஞ்சு வைத்துச் சுற்றுங்கள்.