நகரக் கொடியைப் புதிதாக வடிவமைப்பது எப்படி?

வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் 2004-ஆம் ஆண்டு 150 அமெரிக்க நகரக் கொடிகளைத் தரவரிசைப்படுத்தியபோது, ஐடஹோ மாநிலத்தின் போக்கடெல்லோ நகரக் கொடிக்குக் கடைசி இடம் கிடைத்தது. நகரின் பெருமையைப் பேசும் முழக்க வரியும் அடியில் பதிப்புரிமை வாசகமும் தாங்கிய அந்தத் துணியை விளம்பரத் தட்டி என்று அழைப்பதே பொருத்தம். அந்நகரம் 2017-இல் ஏற்றுக்கொண்ட புதிய கொடியில் எழுத்தே இல்லை. மலைமுகடுகளும் ஒரு திசைகாட்டியும் ஆற்றைக் குறிக்கும் நீலக் கோடும் மட்டுமே உள்ளன. தம் நகரிலும் இத்தகைய மாற்றத்தை விரும்புவோர், பென்சிலைக் கையில் எடுக்கும் முன் நகர மன்றத்தை அணுக வேண்டும்.

இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி சான்று. அங்கு 2016-இல் ஆர்வலர்கள் தாமே போட்டி நடத்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்களைப் பெற்று, ஏரியின் மேல் சூரியன் உதிக்கும் கொடியொன்றைத் தேர்ந்தெடுத்தனர். வீடுகளிலும் கடைகளிலும் அது பறக்கத் தொடங்கிய பிறகும், நகர மன்றம் ஆண்டுக்கணக்கில் அதை முறைப்படி ஏற்கவில்லை. ஆகவே வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் யார் இருப்பர், இறுதி முடிவு யாருடையது, மக்கள் வாக்கு மன்றத்தைக் கட்டுப்படுத்துமா அல்லது கருத்தறிவதற்கு மட்டுமா என்பவற்றை மன்றத் தீர்மானமாக முதலிலேயே பெற்றுவிட வேண்டும். வெற்றி பெறும் வடிவத்தின் உரிமை நகருக்கு மாற்றப்படும் என்பதைப் போட்டி விதிகளிலேயே எழுதிவிடுவது நல்லது. வந்த வடிவங்கள் அனைத்தையும் அப்படியே வாக்கெடுப்புக்கு விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழு நாலைந்தாகச் சுருக்கித் தந்த பிறகே மக்கள் கருத்துக்குப் பயன் இருக்கும்.

வரையும்போது சின்னங்களைக் குவிக்கும் ஆசையை அடக்க வேண்டும். சிகாகோ கொடியில் வெள்ளைப் பரப்பும் இரண்டு நீலப் பட்டைகளும் சிவப்பு நட்சத்திரங்களும்தான் உள்ளன. 1917-இல் இரண்டு நட்சத்திரங்களோடு தொடங்கிய அக்கொடி, 1933-லும் 1939-லும் ஒவ்வொன்றைச் சேர்த்துக்கொண்டும் குலையவில்லை. இரண்டு அல்லது மூன்று நிறங்கள் போதும். அடர்நிறத்தை ஒட்டி வெளிர்நிறம் வந்தால் தொலைவிலும் எல்லை தெளிவாகத் தெரியும். நகர முத்திரை காகிதத்துக்கு உரியது. அதைத் துணியில் ஏற்றினால் நுண்ணிய கோடுகள் மங்கிப்போவதோடு, மறுபக்கம் எழுத்துகள் இடவலம் மாறியும் தெரியும். முத்திரையைச் சேர்க்கச் சொல்லி மன்ற உறுப்பினர்கள் வற்புறுத்துவது புதிதன்று. ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் 1969-இல் அவ்வாறு இடம்பெற்ற முத்திரையை 2002-இல்தான் நீக்க முடிந்தது.

வடிவம் தேறுமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 3 அடி உயரமும் 5 அடி நீளமும் உள்ள கொடியை 100 அடி தொலைவிலிருந்து பார்ப்பதும், ஒன்றரை அங்குல நீளமுள்ள படத்தைக் கண்ணிலிருந்து 30 அங்குலத்தில் பிடித்துப் பார்ப்பதும் ஏறத்தாழ ஒன்றே. அந்தச் சிறு கட்டத்தில் புரியாதது கம்பத்திலும் புரியாது. இறுதிச் சுற்றுக்கு வந்தவற்றைத் துணியில் தைத்து, காற்றுள்ள நாளிலும் காற்றில்லாத நாளிலும் ஏற்றிப் பார்க்க வேண்டும். காற்று ஓய்ந்தால் கொடியின் வெளிமுனை மடிந்து தொங்கும் என்பதால், முக்கியச் சின்னம் கம்பத்தை ஒட்டிய மேற்பகுதியில் இருப்பதே பாதுகாப்பு. கணினித் திரையைப் பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்கும் குழுக்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஏற்புத் தீர்மானத்தில் நீள அகல விகிதம், சின்னங்களின் அளவுகள், பான்டோன் நிற எண்கள் (ஒவ்வொரு நிறச் சாயலையும் துல்லியமாகக் குறிக்கும் தர எண்கள்) ஆகியவற்றை வரைபடத்தோடு இணைக்க வேண்டும். வெறுமனே "நீலம்" என்று எழுதினால் தைப்பவருக்கு ஒரு நீலம் என்றாகிவிடும். பழைய கொடிகளை ஒரே நாளில் இறக்க வேண்டியதில்லை. அவை நைந்துபோகும்போது புதியவற்றை ஏற்றினால் தனி நிதி ஒதுக்கீடு தேவைப்படாது.