கிட்னி பாதிப்பு உள்ளவர்கள் ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போது செய்யும் தவறுகள்

கிட்னி பழுது என்று தெரிந்ததும் பலருக்கு ஆன்டிபயாட்டிக் என்றாலே பயம் வந்துவிடுகிறது. டாக்டர் எழுதிய மாத்திரையைத் தாங்களாகவே பாதியாக உடைத்துப் போடுகிறார்கள், காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுகிறார்கள். இதுதான் பெரிய தவறு. அடங்காத கிருமி ரத்தத்தில் பரவினால், மிச்சமிருக்கும் கிட்னியும் சில நாளில் படுத்துவிடலாம். அளவைக் குறைக்க வேண்டிய மருந்துகள் நிறைய உண்டு, உண்மைதான். ஆனால் அவற்றில் பலவற்றுக்கும் முதல் டோஸ் முழுதாகப் போக வேண்டும். டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் போன்றவற்றுக்குப் பொதுவாக எதையும் குறைக்கத் தேவையே இல்லை. அதனால் இந்தக் கணக்கை டாக்டர்தான் போட வேண்டும்.

அவர் கணக்குப் போட, உங்கள் கிட்னி நிலவரம் அவருக்குத் தெரிய வேண்டுமே! பல் டாக்டரிடம் போனாலும் கடைசி கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு) ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். ‘1.2தானே, நார்மல்’ என்று விட்டுவிட வேண்டாம். 70 வயதுப் பெண்ணுக்கு 1.2 என்றால் ஈ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி ரத்தத்தை வடிகட்டும் திறனின் கணக்கு) 50-க்குக் கீழே வந்துவிடும்.

ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகளில் கூடுதல் கவனம் தேவை. கிட்னியின் நுண்குழாய்களில் இவை சேர்ந்து, பெரும்பாலும் 5 முதல் 7 நாளுக்குப் பிறகே பாதிப்பைக் காட்டும். அப்போதும் சிறுநீர் வழக்கம்போலப் போகலாம் என்பதால் வெளியே ஒன்றும் தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். இந்த நேரத்தில் உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போட்டால் ஆபத்து கூடும். மருந்துக்கடையில் கலந்து கொடுக்கும் காய்ச்சல் மாத்திரைகளில் இவையும் இருக்கலாம். பெயர் கேட்காமல் வாங்காதீர்கள்.

கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாட்டிக் விஷயம் வேறு. கிட்னி கெடாமலே கிரியாட்டினினைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். அதைவிட முக்கியம், பொட்டாசியத்தையும் ஏற்றும். டெல்மிசார்ட்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர், இதய மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு அது இதயத்துடிப்பையே குலைக்கும் அளவுக்குப் போகலாம்.

அப்புறம் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள். கிட்னி நோயாளிகள் பலர் தினமும் சாப்பிடுபவை இவை. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை இவற்றோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சிப்ரோவை 2 மணி நேரம் முன்னதாகவோ 6 மணி நேரம் கழித்தோ போட வேண்டும்.

சிறுநீர் ரிப்போர்ட்டில் ‘பஸ் செல்ஸ்’ (சீழ் செல்கள்) என்று பார்த்ததுமே ஆன்டிபயாட்டிக் கேட்பவர்களும் உண்டு. எரிச்சல், காய்ச்சல், வலி எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் செய்யப்போகிறவர்களுக்கும் மட்டும் விதி வேறு.

டயாலிசிஸ் செய்பவர்கள், அன்றைய டோஸ் டயாலிசிஸுக்கு முன்பா பின்பா என்று கேட்டே ஆக வேண்டும், பல மருந்துகள் அதில் வெளியேறிவிடும். செஃபிபைம் போன்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போகும்போது நோயாளி திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ கைகால் வெட்டினாலோ வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். மருந்து உடம்பில் தேங்கியிருக்கலாம், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.