பாலைவனத்துல ஆர்வி கேம்பிங்: திரும்பத் திரும்ப கண்ல படுற தவறுகள்

நவம்பர் கடைசில வர்ற தேங்க்ஸ்கிவிங் லீவுலேருந்து மார்ச் கடைசி வரைக்கும் டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ, அன்சா பொரேகோ, இந்த மூணு கலிஃபோர்னியா பாலைவனப் பூங்காவுல எந்த கேம்ப்கிரவுண்டுக்குப் போனாலும் தமிழ்க் குரல் காதுல விழும். பே ஏரியாலேருந்தும் எல்ஏ பக்கத்துலேருந்தும் ரெண்டு குடும்பமா சேந்து ஒரு ஆர்விய, அதாவது வீடு மாதிரி உள்ளயே சமைச்சு தூங்கற வண்டிய, வாடகைக்கு எடுத்துட்டு வந்துடறாங்க. ரொம்ப சந்தோஷமான விஷயம், குழந்தைங்க ராத்திரி வானத்த அப்படி ஒரு இருட்டுல பாக்கறது பெரிய பாக்கியம். ஆனா வர்றவங்கள்ல நெறைய பேர் நாங்க ஆரம்பத்துல பண்ண அதே தப்ப அச்சு அசலா பண்றாங்க, பாக்கறப்ப மனசு கேக்க மாட்டேங்குது, அதான் எழுதறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணி, தொப்பி, ஷூவ உதறிட்டு போடறது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதுக்குள்ள நான் போகல.

ஹூக்கப் இருக்கும்னு நெனச்சு புக் பண்றது

கேம்ப்கிரவுண்ட்னா கரண்ட், தண்ணி, கழிவுத்தண்ணி போற டிரெய்ன், இந்த மூணு இணைப்பும் (இதத்தான் ஹூக்கப்னு சொல்றாங்க) சைட்லயே இருக்கும்னு ஒரு நெனப்பு. தேசியப் பூங்காக்குள்ள பெரும்பாலும் இருக்காது. டெத் வேலில ஃபர்னஸ் க்ரீக் கேம்ப்கிரவுண்ட்ல நூத்துக்கும் மேல சைட் இருக்கு, அதுல முழு ஹூக்கப் 18-க்குத்தான். அக்டோபர் நடுவுலேருந்து ஏப்ரல் நடு வரைக்கும் உள்ள சீசனுக்கு ஆறு மாசம் முன்னாடியே ரெக்ரியேஷன் டாட் கவ்ல திறக்கும், லாங் வீக்கெண்டுன்னா அந்த 18-ம் ஒடனே போயிடும். பக்கத்துலயே இருக்கற சன்செட் பெருசு, எடம் கெடைக்கறது சுலபம், ஆனா அது சரளைக்கல் போட்ட ஒரு பெரிய பார்க்கிங் மைதானம், ஹூக்கப் கெடையாது. டெக்சஸ் ஸ்ப்ரிங்ல ஜெனரேட்டரே ஓட்டக்கூடாது, அமைதி வேணும்னா எனக்குப் பிடிச்ச எடம் அதுதான். ஸ்டவ்பைப் வெல்ஸ்ல பூங்காவோட கேம்ப்கிரவுண்ட்ல ஹூக்கப் இல்ல, பக்கத்துல ஹோட்டல்காரங்க நடத்துற சின்ன ஆர்வி பார்க்ல இருக்கு. ஜோஷுவா ட்ரீ பூங்காக்குள்ள எங்கயுமே ஹூக்கப் கெடையாது, ஜம்போ ராக்ஸ் மாதிரி பேர் போன கேம்ப்கிரவுண்ட்ல குடிதண்ணி கூட கெடையாது. அன்சா பொரேகோல பொரேகோ பாம் கேன்யன்ல மட்டும் ஒரு பகுதிக்கு ஹூக்கப் உண்டு. சைட் பேர பாத்து புக் பண்ணாதீங்க, அந்த சைட் நம்பர தட்டி உள்ள போய் என்ன இருக்குன்னு படிச்சிட்டு பண்ணுங்க.

ராத்திரி ஹீட்டர் தானா ஓடும்னு விட்டுட்டு தூங்கறது

ஹீட்டர் ப்ரொப்பேன்ல ஓடுது, டேங்க் ஃபுல்லா இருக்கு, அதனால கவலை இல்லன்னு நெனப்பாங்க. சூடாக்கறது ப்ரொப்பேன்தான், ஆனா அந்த சூட்ட உள்ள தள்ளுற ஃபேன் பேட்டரில ஓடுது. ஹூக்கப் இல்லாத சைட்ல சாயந்தரம் முழுக்க லைட்டு, தண்ணி பம்ப், எல்லாரோட ஃபோன் சார்ஜ் எல்லாம் பேட்டரிலயே ஓட்டிட்டு அப்புறம் ஹீட்டர 72 டிகிரி ஃபாரன்ஹீட்ல வெச்சுட்டு படுத்தா விடியக்காலைல மூணு மணிக்கு ஃபேன் நின்னுடும், வெளிய பல் கிட்டற குளிரு. டிசம்பர், ஜனவரில டெத் வேலிலயே உயரமான கேம்ப்கிரவுண்டெல்லாம் உறையுற நெலைக்குக் கீழ போகும். ஜெனரேட்டர் போட்டு சரி பண்ணலாம்னா ராத்திரி போடக்கூடாதுன்னு நேரம் வெச்சிருக்காங்க. சாயந்தரமே நேரம் முடியறதுக்குள்ள ஒரு ரெண்டு மணி நேரம் ஜெனரேட்டர ஓட்டி பேட்டரிய நெரப்பிடுங்க, ஹீட்டர 60-க்கு எறக்கிட்டு நல்ல கம்பளி போத்திட்டு படுங்க. வீட்ல இருக்கற ரஜாய் ரெண்டு எடுத்துட்டு வந்தாலே போதும்.

மேப்ல கோடு இருக்குன்னு மண் ரோட்ல ஆர்விய எறக்கறது

இதத்தான் சொல்லணும்னு ஒக்காந்தேன். மத்த தப்பெல்லாம் ஒரு ராத்திரி கஷ்டம், இது ஒன்னு மட்டும் பல ஆயிரம் டாலர், சில சமயம் உயிர் பயம், இத்தன வருஷம் கழிச்சும் ஒருத்தர் பண்றத பாத்தா எனக்கு கோவம் கோவமா வருது.

இது எப்படி நடக்குதுன்னா, லாங் வீக்கெண்ட், கேம்ப்கிரவுண்ட் எல்லாம் ஃபுல். யாராவது சொல்லுவாங்க, பிஎல்எம் (மத்திய அரசோட நில நிர்வாகத் துறை) நெலத்துல இலவசமா தங்கலாம், அன்சா பொரேகோல எங்க வேணா தங்கலாம்னு. அது பொய் இல்ல. பிஎல்எம் நெலத்துல பொதுவா 14 நாள் வரைக்கும் காசு இல்லாம தங்கலாம், அன்சா பொரேகோலயும் கேம்ப்கிரவுண்டுக்கு வெளிய ரோட்டோரமா வண்டிய நிறுத்தித் தங்க அனுமதி உண்டு. ஃபோன்ல கேம்பிங் ஆப்ப திறந்தா மேப் முழுக்க புள்ளியா தெரியும், ஃபோட்டோ பாத்தா மலை, சூரிய அஸ்தமனம், ஒரு ஈ காக்கா கெடையாது. அந்தப் புள்ளிய போட்டவரு எந்த வண்டில போனாருன்னு யாரும் பாக்கறதில்ல. ஜீப்புல போயிருப்பாரு, இல்ல ஃபோர் வீல் ட்ரைவ் வேன்ல. நீங்க போறது 28 அடி நீளம், அஞ்சு டன்னுக்கு மேல எடை, பின் சக்கரம் மட்டும் இழுக்கற ஒரு வீடு.

ஒரு பிரசிடெண்ட்ஸ் டே வீக்கெண்ட். அன்சா பொரேகோல எஸ் 22 ரோட்லேருந்து ஃபான்ட்ஸ் பாயிண்டுக்கு ஒரு மண் பாதை பிரியும், நாலு மைல் இருக்கும், அது ரோடே இல்ல, காஞ்ச ஓடை, முழுக்க மணல். பார்க் காரங்களே ஃபோர் வீல் ட்ரைவ்ல போங்கன்னு சொல்ற எடம். நாங்க ஜீப்புல திரும்பி வர்றோம், இருட்டிட்டு இருக்கு, பாதை நடுவுல ஒரு வாடகை ஆர்வி அச்சு வரைக்கும் மணல்ல எறங்கி நிக்குது. உள்ள ரெண்டு குடும்பம், கைக்குழந்தையோட ஒரு பொண்ணு, வயசான அம்மா ஒருத்தங்க. ஓட்டிட்டு வந்த தம்பி கிட்டத்தட்ட அழற நெலமை. "அக்கா, மேப்ல ரோடுன்னுதானே போட்டிருக்கு"ன்னு திரும்பத் திரும்ப சொல்றாரு. சிக்கினதும் என்ன பண்ணாருன்னு கேட்டா, எல்லாரும் பண்றதத்தான் பண்ணியிருக்காரு, ஆக்சிலரேட்டர மிதிச்சிருக்காரு. பின்னாடி ரெட்டை டயர், சுத்தச் சுத்த தனக்குத்தானே குழி தோண்டிட்டு கீழ போயிடுச்சு. அடில தொங்கற டிரெய்ன் பைப்பு ஒடஞ்சு போச்சு, நாத்தம் வேற. ஃபோன்ல சிக்னல் இல்ல. வயசான அம்மாவையும் கைக்குழந்தையோட இருந்த பொண்ணையும் எங்க வண்டில ஏத்தி பொரேகோ ஸ்ப்ரிங்ஸ்ல கொண்டுபோய் விட்டோம், மத்தவங்க ராத்திரி சாஞ்சு நிக்கற ஆர்விக்குள்ளயே கெடந்தாங்க.

மறுநாள்தான் பெரிய அடி. ஆர்விய வாடகைக்கு விட்ட கம்பெனிக்காரங்க குடுத்த ரோட்சைட் உதவி நம்பர கூப்பிட்டா, தார் ரோட்ட விட்டு வெளிய வரமாட்டோம்னுட்டாங்க. கார் இன்சூரன்ஸ்ல இருக்கற டோயிங்கும் அதேதான். மணல்லேருந்து வண்டிய எடுக்கறதுக்குன்னே ஆள் இருக்காங்க, அவங்க கெளம்பற எடத்துலேருந்து மணிக்கணக்குக்கு காசு, பெரிய வண்டின்னா அதுக்கேத்த வின்ச்சு, அதுக்கேத்த ரேட்டு. இதெல்லாம் கூட போகட்டும்னு விடலாம், வாடகை அக்ரிமெண்ட்ட எடுத்து பாத்தா அதுல தெளிவா போட்டிருக்கு, தார் போடாத ரோட்ல ஓட்டினா இன்சூரன்ஸ் செல்லாது, அடில ஆன எல்லா டேமேஜும் ஓட்டினவரோட பொறுப்புன்னு. கையெழுத்துப் போடறப்ப அந்தப் பக்கத்த யாரும் படிக்கறதில்ல. ஹவாய்க்கு போயிட்டு வந்திருக்கலாம் அந்த காசுல.

எனக்கு கோவம் அந்தத் தம்பி மேல இல்ல. இலவசம், அழகான ஃபோட்டோ, இத மட்டும் சொல்லிட்டு வண்டி எதுன்னு சொல்லாம விடறாங்களே, அவங்க மேலதான். தங்கற எடத்த முடிவு பண்ண வேண்டியது அந்த எடம் எவ்ளோ அழகுங்கறது இல்லங்க, அங்க போற கடைசி ரெண்டு மைல் ரோடு என்ன ரோடுங்கறதுதான்.

அத எப்படி பாக்கறது? சேட்டிலைட் படத்துல அந்தப் பாதைய பெருசாக்கிப் பாருங்க. ஓடை மாதிரி வெளுப்பா, அகலமா, கிளை கிளையா பிரிஞ்சு தெரிஞ்சா அது மணல், விட்டுடுங்க. முன்னாடி நாள் விசிட்டர் சென்டருக்கு ஃபோன் பண்ணி உங்க வண்டியோட நீளத்த சொல்லி கேளுங்க, ரேஞ்சர்ங்க ஒளிக்காம சொல்லுவாங்க, ஒரு மழை பெஞ்சா பாதையே மாறிடும், அது அவங்களுக்குத்தான் தெரியும். எடத்துக்கு வந்ததும் வண்டிய தார் ரோட்டோரமா பத்திரமா நிறுத்திட்டு எறங்கி நடந்து போய் பாருங்க. கால் புதைஞ்சா வண்டியும் புதையும். திருப்பறதுக்கு எடம் இருக்கான்னும் பாருங்க, 28 அடி வண்டிய ரிவர்ஸ்ல ஒரு மைல் கொண்டு வர்றது சாதாரண வேலை இல்ல. இது எல்லாம் பகல் வெளிச்சத்துல பண்ற வேலை, டிசம்பர்ல நாலரை மணிக்கெல்லாம் சூரியன் போயிடும், அதனால ரெண்டு மணிக்குள்ள போய் சேர மாதிரி கெளம்புங்க. இருட்டுல தேடறவங்கதான் அதிகமா சிக்கறாங்க.

கேம்ப்கிரவுண்டுக்கு வெளிய சொந்தமா ஒரு எடம் வேணும்னு ஆசையா இருந்தா கெட்டித் தரை இருக்கற எடமா போங்க. அன்சா பொரேகோல பிளேர் வேலி பக்கம் தரை பெரும்பாலும் கெட்டியா இருக்கும், சொந்த ஆர்வி வெச்சிருக்கவங்க அங்க வந்து நிப்பாங்க. அரிசோனால குவார்ட்ஸைட் ஊருக்குத் தெக்க லா போசான்னு பிஎல்எம் நடத்துற பெரிய மைதானம் இருக்கு, செப்டம்பர் 15-லேருந்து ஏப்ரல் 15 வரைக்கும் பர்மிட் வாங்கிட்டு மாசக்கணக்குல தங்கலாம், சரளைத் தரை, டம்ப் ஸ்டேஷன் (ஆர்வி கழிவ கொட்டற எடம்), தண்ணி எல்லாம் உண்டு. ஆனா வாடகை ஆர்வின்னா அங்கயும் உள்ள போறது மண் வழிதான், முதல்ல வாடகைக்காரங்ககிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

அப்படியும் சிக்கிட்டா, சக்கரம் சுத்த ஆரம்பிச்ச அந்த நொடியே கால எடுத்துடுங்க. அதோட நின்னா கையால மணல வாரிட்டு, தரை விரிப்பு எதையாவது சக்கரத்துக்கு அடில திணிச்சு வந்த வழியே பின்னாடி எடுக்க வாய்ப்பு இருக்கு. இன்னும் ஒரு தடவ மிதிச்சா அந்த வாய்ப்பும் போச்சு.

காஞ்ச ஓடைல தங்கறது

மேல சொன்னதோட சேந்ததுதான், ஆனா இது உயிர் விஷயம். தரை சமமா, காத்து மறைவா இருக்குன்னு ஓடைக்குள்ள வண்டிய போடறாங்க. மழை உங்க தலைக்கு மேல பெய்யணும்னு இல்ல, முப்பது மைல் தள்ளி மலைல பெஞ்சா போதும். 2023 ஆகஸ்ட் 20 அன்னைக்கு ஹிலரி புயல்ல ஃபர்னஸ் க்ரீக்ல ஒரே நாள்ல 2.2 அங்குலம் பெஞ்சுது, அங்க ஒரு வருஷத்துக்கே ஏறக்குறைய அவ்ளோதான் பெய்யும். ரோடெல்லாம் அடிச்சிட்டுப் போய் பூங்காவ ரெண்டு மாசம் கிட்ட மூடி வெச்சிருந்தாங்க.

25 அடி

டெத் வேலில ஆர்ட்டிஸ்ட்ஸ் ட்ரைவ், டான்டீஸ் வியூவுக்கு ஏறற கடைசி பகுதி, வைல்ட்ரோஸ் பக்கம் போற எமிக்ரண்ட் கேன்யன் ரோடு, மூணுக்கும் 25 அடிக்கு மேல உள்ள வண்டி போகக்கூடாது. ஆர்வி கூட ஒரு கார் வந்தா எல்லாப் பிரச்சனையும் தீரும்.

டவுன் பாஸ் எறக்கத்துல பிரேக்கு மேலயே கால வெச்சிருக்கறது

டெத் வேலிக்கு மேற்குலேருந்து 190-ம் நம்பர் ரோட்ல வந்தா டவுன் பாஸ்ங்கற கணவாய தாண்டணும், அங்க கிட்டத்தட்ட 5000 அடிலேருந்து கடல் மட்டத்துக்கு ஒரே எறக்கம். மேலயே லோ கியர்ல போட்டுட்டு மெதுவா எறங்குங்க, பின்னாடி வர்றவங்களுக்கு ஒதுங்கி வழி விடுங்க. இன்னொன்னு, பே ஏரியாலேருந்து வர்றவங்க யோசெமிட்டி வழியா தியோகா பாஸ் தாண்டி வரலாம்னு கணக்கு போடாதீங்க, குளிர்காலம் முழுக்க அது மூடியிருக்கும், பேக்கர்ஸ்ஃபீல்டு சுத்திதான் வரணும்.

சமையலுக்கு தண்ணி கணக்கு போடாம வர்றது

நம்ம சமையலுக்கு அரிசி களையறது, பருப்பு களையறது, எண்ணெய்ப் பாத்திரம் தேய்க்கறதுன்னு தண்ணி ஏகத்துக்கும் போகும். வாடகை ஆர்வில நல்ல தண்ணி டேங்க் முப்பது நாப்பது கேலன், கழிவுத்தண்ணி டேங்கும் அதே அளவுதான், ரெண்டாவது நாளே கழிவுத்தண்ணி எறங்காம ஷவர் வழியா மேல வரும். அத தரைல திறந்து விடறது சட்டப்படி தப்பு, பண்ணாதீங்க. மொத நாளுக்கு புளிசாதம், எலுமிச்சை சாதம், சப்பாத்தி வீட்லேருந்தே, அப்புறத்துக்கு அரிசிய வீட்லயே களைஞ்சு காய வெச்சு கவர்ல போட்டுட்டு வாங்க. மாவ புளிக்க வெச்சே எடுத்துட்டு வாங்க, அந்தக் குளிர்ல பொங்காது. கழிப்பறை டேங்க் வால்வ டம்ப் ஸ்டேஷன்ல மட்டும் திறங்க, அத மொதல்ல, சிங்க் தண்ணிய ரெண்டாவதா, அப்பத்தான் ஹோஸ் கழுவிட்டு வரும்.

ஆனிங்க (ஆர்வி பக்கவாட்டுல விரிக்கற நிழல் துணி) விரிச்சிட்டு தூங்கறது

சுருட்டிடுங்க. பாலைவனத்துல காத்து சொல்லிட்டு வராது.

வெறக பொறுக்கறது

கூடாது. காஞ்சு கெடக்கற கட்டையும் அங்க இருக்கற உயிருங்களுக்கு வீடு. அன்சா பொரேகோல கேம்ப்கிரவுண்டுக்கு வெளிய தீ மூட்டணும்னா இரும்புத் தொட்டி, வெறகு ரெண்டும் நீங்க கொண்டு வரணும், சாம்பலையும் எடுத்துட்டுப் போகணும்.

ஜூலை, ஆகஸ்ட்

வேண்டாம். 1913 ஜூலை 10 அன்னைக்கு 134 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவான எடம் டெத் வேலி, கோடைல அங்க ஆர்விய கொண்டு போகக்கூடாதுன்னு வாடகைக்காரங்க சிலர் அக்ரிமெண்ட்லயே போட்டிருப்பாங்க.

கேஸ் (பெட்ரோல்) டேங்க் பாதில உள்ள வர்றது

வாடகை ஆர்வில ஜெனரேட்டர் பெரும்பாலும் வண்டியோட அதே டேங்க்லேருந்துதான் கேஸ் எடுக்கும், கால் டேங்குக்குக் கீழ போனா தானா நின்னுடும், வண்டி நடுவழில நிக்கக்கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. டெத் வேலி பூங்காக்குள்ள கேஸ் வெல அதிகம். ரிட்ஜ்க்ரெஸ்ட், லோன் பைன், பாரம்ப், பியாட்டி, எந்தப் பக்கமா வந்தாலும் இதுல ஒன்ன தாண்டித்தான் பெரும்பாலும் வருவீங்க, அங்கயே ஃபுல் பண்ணிட்டு ப்ரொப்பேனும் பாத்துட்டு உள்ள போங்க.