ஸ்டீம்டு புட்டிங் செய்யும்போது காகிதத்தில் ஒரு மடிப்பு விடுங்கள்

ஆவியில் வேகவைக்கும் கேக் போன்ற இனிப்பான பிரிட்டிஷ் ஸ்டீம்டு புட்டிங் சொதப்பினால் எல்லோரும் மாவைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தவறு மூடிக் கட்டும் விதத்தில் இருக்கும்.

கோல்டன் சிரப் (பொன்னிறச் சர்க்கரைப் பாகு) ஊற்றிச் செய்யும் ஸ்பாஞ்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 1.2 லிட்டர் பீங்கான் கிண்ணத்தில் தாராளமாக வெண்ணெய் தடவி, அடியில் 3 மேசைக்கரண்டி சிரப் ஊற்றுங்கள். வெண்ணெய், சர்க்கரை, செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மைதா) தலா 175 கிராம், முட்டை 3, கொஞ்சம் பால். அடித்துக் கலந்து மேலே போட்டால் சரி.

இனிதான் கவனம் வேண்டும். பேக்கிங் பேப்பரை உள்பக்கமும் அலுமினியத் தாளை வெளிப்பக்கமும் வைத்து, புடவைக் கொசுவம் மாதிரி நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு மடிப்பு எடுத்து மூடுங்கள். மாவு உப்பும்போது மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். மடிப்பில்லாமல் இறுக்கி மூடினால் தாள் கிழிந்து தண்ணீர் இறங்கலாம், இல்லாவிட்டால் ஸ்பாஞ்ச் அமுங்கிக் கெட்டியாகிவிடும். விளிம்புக்குக் கீழே நூலால் இறுக்கிக் கட்டி, அதே நூலை மேலே குறுக்காக இழுத்து ஒரு கைப்பிடியும் போடுங்கள். கொதிக்கிற பாத்திரத்திலிருந்து தூக்க அதுதான் பாதுகாப்பு.

கிண்ணத்தைப் பெரிய பாத்திரத்துக்குள் வையுங்கள். பாத்திரத்தில் கிண்ணத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீர், மிதமான தீ, ஒன்றரை மணி நேரம். தண்ணீர் வற்றினால் கொதிநீரையே சேருங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி நடுப்பகுதி வேகாது.

தட்டில் கவிழ்த்து, சூடாகக் கஸ்டர்டு ஊற்றுங்கள். பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் 1837-ல் முட்டையில்லாத கஸ்டர்டு பவுடரைக் கண்டுபிடித்தது, முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகத்தான். இந்த ஸ்பாஞ்சுக்கு அது அருமையாகப் பொருந்தும்.