நிழல் காணாமல் போகும் நாளில் ஊர் மந்தைத் திடலில் கூடுங்கள்

ஊரில் அறிவியல் நிகழ்ச்சி நடத்த மேடை, மைக் செட் எதுவும் வேண்டாம். ஏப்ரல் 16-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 27-ஐ ஒட்டியும் மதுரையில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். அப்போது செங்குத்தாக நிற்கும் எதற்கும் பக்கத்தில் நிழல் விழாது. ஏப்ரலில் அது நடப்பது பகல் 12.18 வாக்கில்.

ஒரு அடி நீள பிவிசி குழாய், ரசமட்டம், தூக்குக்குண்டு, சாக்பீஸ் போதும். தரை மட்டமாகவும் குழாய் நேராகவும் இருக்கிறதா என்று பார்க்கத் தெருவில் இருக்கும் கொத்தனாரையே கூப்பிடுங்கள். அவர் கைத்திறனும் பொறியியல்தான். பிள்ளைகள் அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

11.45-க்கே தொடங்குங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைப் பிள்ளைகளே தரையில் குறிக்கட்டும். விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். "அடுத்த புள்ளி எங்கே விழும்?" என்று கேளுங்கள். பாட்டிமார்கூட பந்தயம் கட்டுவார்கள். நிழல் குழாயின் அடிக்குள் ஒடுங்கிய பிறகு காரணத்துக்கு வாருங்கள்: பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருக்கிறது, அதனால் சூரியன் நேர் மேலே வரும் இடம் ஆண்டு முழுக்க பூமத்திய ரேகைக்கு 23.5 டிகிரி வடக்கு வரைக்கும் தெற்கு வரைக்கும் போய் வருகிறது. மதுரை அந்த ரேகைக்கு ஏறக்குறைய 10 டிகிரி வடக்கில் இருக்கிறது, போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என ஆண்டுக்கு இரண்டு முறை இது நடக்கிறது. டெல்லியில் ஒருமுறைகூட நடக்காது என்று சொன்னால் கேள்விகள் தானாக வரும்.

அன்று மேகம் மூடினால் மறுநாள் செய்யுங்கள். ஒரு அடிக் குழாயில் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்தான். சூரியனை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது, தரையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், உச்சி வெயில் என்பதால் ஒரு பானை நீர்மோர் கட்டாயம்.